ஒரு வேலி கேட்டவன்

என் அப்பா எனக்குச் சொன்ன முதல் பூதக் கதையில் விளக்கும் கிடையாது, குப்பியும் கிடையாது. கோடையில் வாய்க்கால் தூர் வாருகிறார்கள். ஒரு கூலியாளின் மண்வெட்டியில் செப்புக்குடம் ஒன்று தட்டுப்படுகிறது. மூடியைத் திறந்தால் பூதம். "ஒரே ஒரு வரம், கேள்" என்கிறது. ஆயுசு பூராவும் அடுத்தவர் வயலில் நட்டு, அடுத்தவர் வயலில் அறுத்த மனுஷன். அவன் யோசிக்கவே இல்லை. "ஒரு வேலி கொடு சாமி, அது போதும்" என்றான். வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், குடிசையைச் சுற்றி நாலு பக்கமும் நெருக்கமாக முள்வேலி கட்டியிருக்கிறது.

காவிரிப் படுகைக்கு வெளியே பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கும். எங்கள் பக்கம் வேலி என்பது நில அளவு. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. இன்றைய கணக்கில் மா என்றால் 33 சென்ட், வேலி என்றால் ஆறரை ஏக்கருக்குச் சற்றுக் கூட. தமிழ்ப் பின்னக் கணக்கிலும் மா என்பது இருபதில் ஒரு பங்குதான். ஒரு வேலி நஞ்சை உள்ளவர் ஊரில் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அந்தக் கூலியாள் கேட்டது ஒரு முழு வாழ்க்கையை. வந்தது நாலு கட்டு முள்.

கதை முடிந்ததும் நாங்கள் சிரிப்போம். சிரித்து ஓய்ந்த பிறகுதான் அப்பா ஆரம்பிப்பார். "சரி, அவன் எப்படிக் கேட்டிருக்கணும்?"

நானும் தங்கையும் போட்டி போட்டுக்கொண்டு சொல்வோம். "இருபது மா நிலம்னு கேட்டிருக்கணும்." அப்பா: "பொட்டல் காடா கொடுத்தா?" "இருபது மா நஞ்சை." "எங்கே? கடலுக்கு அந்தப் பக்கம் கொடுத்தா?" "எங்க ஊர்ல, ஆத்துப் பாசனத்துல, இருபது மா நஞ்சை." "போக வர வழி? சுத்தி எல்லாம் அடுத்தவன் வயல். ஏர் எப்படி இறங்கும்?" வழி சேர்ப்போம். "தண்ணிப் பாத்தியம்?" அதையும் சேர்ப்போம். "யார் பேர்ல பட்டா?" அதுவும். கடைசியில் எங்கள் வரம் ஒரு முழுப் பக்கத்துக்கு நீண்டிருக்கும், தங்கை அதை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். அப்பா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பரவாயில்ல, இப்போ பூதத்துக்கு முன்னாடி நிக்கலாம்" என்பார்.

அப்பா பத்திர எழுத்தர். பதிவாபீஸ் எதிரில் வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு, சாய்வு மேசை, மைப்பெட்டி, ரேகைக்கான ஸ்டாம்ப் பேடு. முப்பத்தைந்து வருஷம் அதே இடம். அவர் எங்களுக்குச் சொல்லித்தந்த விளையாட்டுதான் அவர் தொழில் என்று எனக்குப் புரியச் சில வருஷம் ஆனது. பழைய கிரயப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். நிலத்தை விற்கிறேன் என்று ஒரு வரியில் முடிக்க மாட்டார்கள். இன்னார் மனைக்கு மேற்கு, தெருவுக்கு வடக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் தோட்டத்துக்குக் கிழக்கு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்டது என்று கட்டுவார்கள். பிறகு நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்று எட்டு போகங்கள் வரும். நிலத்துக்குள் புதைந்திருக்கும் புதையல், அதில் ஊறும் தண்ணீர், கிடக்கும் கல், இன்று வரும் பலன், இனிமேல் வரப்போகும் பலன், எல்லாவற்றையும் பெயர் சொல்லி ஒப்படைக்கிறார்கள். ஒன்றை விட்டால் அதில் நாளை வழக்கு முளைக்கும். சொல்லாததைக் கொடுக்க மாட்டேன் என்று நிற்கும் ஒருவனை மனதில் வைத்து எழுதிய மொழி அது. பூதத்தோடு பேச மனிதர்கள் ஒரு மொழி செய்திருக்கிறார்கள் என்றால் அது இதுதான் என்று நான் நம்புகிறேன்.

அப்பாவுக்குப் புராணமும் இந்தக் கண்ணோடுதான் தெரியும். இரணியன் கேட்ட வரத்தை ஒரு பத்திரத்தைப் போல எங்களுக்குப் படித்துக் காட்டுவார். மனிதனாலும் மிருகத்தாலும் சாகக் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது, தரையிலும் வானத்திலும் கூடாது, எந்த ஆயுதத்தாலும் கூடாது. "எவ்வளவு நேர்த்தியா எழுதியிருக்கான் பாரு" என்று வியப்பார். அப்புறம் குரல் தாழும். "ஆனா ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்குன்னு அவனுக்குத் தோணல." பகலுக்கும் இரவுக்கும் நடுவே அந்தி. உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே வாசற்படி. தரைக்கும் வானத்துக்கும் நடுவே மடி. ஆயுதத்துக்குப் பதில் நகம். எல்லைத் தகராறு எப்போதும் வரப்பில்தான் வரும், வயலுக்கு நடுவில் வராது என்பது அவர் அனுபவம். நரசிம்மம் தூணைப் பிளந்து வந்ததைவிட, வந்து வாசற்படியில் உட்கார்ந்ததுதான் அப்பாவுக்குப் பெரிய விஷயம்.

கும்பகர்ணன் கதையை அப்பாயி சொல்வார். பிரம்மாவிடம் நித்தியத்துவம் கேட்கத் தவம் இருந்தவன், சரஸ்வதி நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டதால் நித்திரைத்துவம் கேட்டுவிட்டான். ஒரே ஓர் எழுத்து சறுக்கியது. உலகம் முழுக்க இப்படிக் காது தப்பிய வரங்களை வைத்து நகைச்சுவை இருக்கிறது. அந்தந்த மொழியின் ஓசையில் பிறந்தவை என்பதால் அவற்றில் பாதி எல்லை தாண்டியதும் செத்துவிடும். வேலிக் கதையைக் கோயம்புத்தூர் நண்பரிடம் சொன்னால்கூட நடுவில் நிறுத்தி அளவு விளக்க வேண்டியிருக்கிறது. கும்பகர்ணன் மட்டும் இரண்டாயிரம் வருஷமாகத் தூங்கிக்கொண்டே நம் வீடுகளில் இருக்கிறான். அவன் கதையில் அப்பாயிக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. "தம்பி தூங்கிட்டான், அண்ணன் எழுப்பிச் சண்டைக்கு அனுப்பிட்டான், பாவம்" என்றுதான் முடிப்பார்.

இந்தக் கதைகளுக்கெல்லாம் கீழே வழக்கமாக ஒரு வரி ஒட்டியிருக்கும். பேராசை பெருநஷ்டம். எனக்கு அந்த வரியோடு ஒத்துப்போனதே இல்லை. வாய்க்கால் தூர் வாருகிறவன் நிலம் கேட்டதில் என்ன பேராசை? கிரேக்கர்களின் ஒரு கதையில் விடியலின் தேவதையான ஈயோஸ், தான் காதலித்த தித்தோனஸுக்குச் சாவே வரக் கூடாது என்று வரம் வாங்கினாள். இளமையைச் சேர்த்துக் கேட்க மறந்துபோனாள். அவன் சாகாமல் கிழடு தட்டி, சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் சில்வண்டு ஆனான். அவள் ஆசைப்பட்டது காதலன் கூடவே இருக்க வேண்டும் என்று. அதில் குற்றம் எங்கே இருக்கிறது?

ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்ட மூன்று பேர் நகைச்சுவையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். பூதம் ஆளுக்கு ஒரு வரம் தருகிறது. முதல் ஆள் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறான், போய்விடுகிறான். இரண்டாமவனும் அப்படியே. மூன்றாமவன் சுற்றும் முற்றும் பார்க்கிறான். "இப்போ ரொம்பத் தனியா இருக்கு, அவங்க ரெண்டு பேரும் இங்க இருந்தா நல்லாயிருக்கும்." நான் இதைச் சின்ன வயதில் கேட்டபோது மூன்றாமவனை முட்டாள் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றுவதில்லை. அவன் மனதில் இருந்தது துணை. அதை அவன் ஒளிக்கவும் இல்லை, மாற்றியும் சொல்லவில்லை. எதிரில் நின்றது, அவன் யார் என்று தெரியாத, தெரிந்துகொள்ளவும் விரும்பாத ஒன்று. கணவன் மனைவியை வைத்துச் சுற்றுகிற பூத நகைச்சுவைகள் நூற்றுக்கணக்கில் கைபேசியில் வருகின்றன. அவற்றில் எனக்கு ருசி இல்லை. அவை பெண்ணைக் குறை சொல்லப் பூதத்தைக் கூலிக்குப் பிடித்தவை.

வரத்தைத் திரிக்கும் பூதம் பழைய கதைகளில் இருந்ததா என்று தேடிப் படித்திருக்கிறேன். அலாவுதீன் கதை ஆயிரத்தோரு இரவுகளின் பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்ற சிரிய கிறிஸ்தவர், 1709-ல் பாரிஸில் அந்துவான் காலான் என்ற பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளருக்கு வாய்மொழியாகச் சொன்ன கதை அது. ஜின் என்ற அரபுச் சொல்லுக்குப் பக்கத்திலேயே ஓசை ஒத்து வருகிற ஜெனி என்ற பிரெஞ்சுச் சொல்லை காலான் எடுத்துக்கொண்டார். அதற்கு லத்தீன் வேரில் காவல் தெய்வம் என்ற பொருள். ஒரு மொழிபெயர்ப்பாளர் காதால் செய்த தேர்வு உலகம் முழுக்க நிலைத்துவிட்டது.

அந்தக் கதையில் மூன்று வரம் என்ற கணக்கே கிடையாது. விளக்கை வைத்திருப்பவன் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். அலாவுதீன் விளக்குப் பூதத்திடம் முதலில் கேட்டது என்ன என்று நினைக்கிறீர்கள்? வீட்டில் அரிசி இல்லை என்கிற மாதிரி நிலைமை. விற்கலாம் என்று அம்மா பழைய விளக்கைத் தேய்க்கிறாள், பூதம் வருகிறது, அவள் மயங்கி விழுகிறாள். மகன் விளக்கைப் பிடுங்கிக்கொண்டு சொல்கிறான்: பசிக்கிறது, சாப்பிட ஏதாவது கொண்டு வா. திரிக்க நினைக்கும் பூதத்துக்கு இதைவிட வசதியான வாக்கியம் கிடைக்காது. ஏதாவது என்றால் பச்சைப் புல்லைக் கொண்டு வந்து போட்டிருக்கலாம். அது வெள்ளித் தாம்பாளத்தில் பன்னிரண்டு வெள்ளித் தட்டு நிறையச் சாப்பாடு கொண்டு வந்தது. அம்மாவும் பிள்ளையும் சாப்பிட்டார்கள், தட்டுகளை ஒவ்வொன்றாக விற்று ரொம்ப நாள் பிழைத்தார்கள். அவன் கேட்டது ஒரு வேளைப் பசிக்கு, பூதம் கேட்டுக்கொண்டது வீட்டின் வறுமையை.

கதையின் கடைசியில் ஒரே ஒரு தடவை அந்தப் பூதம் கோபப்படுகிறது. அரண்மனைக் கூடத்தின் நடுவில் ரோக் என்ற ராட்சதப் பறவையின் முட்டையைக் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று அலாவுதீன் கேட்கிறான். என் எஜமானையே கொண்டு வந்து தொங்கவிடச் சொல்கிறாயா என்று அது அலறுகிறது. உன்னைச் சாம்பலாக்கியிருப்பேன், ஆனால் இது உன் ஆசை இல்லை, வேஷம் போட்டு உன் வீட்டில் புகுந்திருக்கும் மந்திரவாதியின் தம்பி ஊட்டிவிட்ட ஆசை என்று சொல்லி அவனைக் காப்பாற்றிவிடுகிறது. வார்த்தை யார் வாயிலிருந்து வந்தாலும், ஆசை யாருடையது என்று பார்த்திருக்கிறது.

இதே தொகுப்பில் குடுவைக்குள் அடைபட்ட ஜின் ஒன்று மீனவன் வலையில் வரும் கதை இன்னும் பழையது. என்னை விடுவிப்பவனைச் செல்வந்தன் ஆக்குவேன் என்று முதல் நூறு வருஷம் அது சபதம் செய்கிறது. பிறகு புதையல்களைத் திறந்து தருவேன் என்கிறது. பிறகு மூன்று வரம் தருவேன் என்கிறது. யாரும் வரவில்லை. கடைசியில், இனி எவன் திறந்தாலும் கொல்வேன் என்று முடிவு செய்கிறது. காத்திருந்து காத்திருந்து கசந்துபோன ஒன்று, சரியாக அப்போது பார்த்து அந்த ஏழை மீனவன் கையில் வந்து சேர்கிறது. நல்லதும் கெட்டதும் கேட்பவன் கையில் மட்டும் இல்லை, கேட்டுக்கொண்டிருப்பவர் எந்த மனநிலையில் இருக்கிறார் என்பதிலும் இருக்கிறது என்று நான் முதலில் யோசித்தது இந்த இடத்தில்தான். அரசு அலுவலகங்களில் வரிசையில் நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நம் பூதமோ வேறு வம்சம். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் நாற்சந்தியில் சதுக்கப்பூதம் இருந்தது. அது வரம் தருவதில்லை. போலித் துறவிகள், பிறன்மனை நயப்பவர்கள், பொய்க்கரி, அதாவது பொய்ச்சாட்சி சொல்பவர்கள், புறங்கூறுபவர்கள், இவர்களைப் பாசக் கயிற்றால் கட்டி அடித்துத் தின்னும். அதன் குரல் நான்கு காதம் கேட்கும். பொய்க்கரி சொன்ன ஒருவனை அது பிடித்தபோது, அவன் தாய் அழுவதைப் பார்த்துக் கோவலன் தன் உயிரை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் குறுக்கே விழுகிறான். பூதம் அந்தப் பண்டமாற்றை ஏற்கவில்லை. ஒரு கெட்ட உயிருக்காக நல்ல உயிரை எடுத்து நற்கதியை இழக்க மாட்டேன் என்று சொல்லிவிடுகிறது. வார்த்தையில் ஓட்டை தேடும் பூதங்களைப் பற்றி உலகம் சிரித்துக்கொண்டிருக்க, மனிதர் வார்த்தையில் செய்யும் மோசடிக்குக் காவலாக இங்கே ஒரு பூதத்தை நிறுத்தியிருக்கிறார்கள். அப்பாவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பிள்ளையார் படத்தோடு அவர் கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. அதில் "பொய்க்கரியாளர்" என்ற ஒற்றைச் சொல். கையெழுத்துப் போட வரும் சாட்சிகள் யாராவது அது என்ன என்று கேட்டால் கதையைச் சொல்வார்.

கல்லூரி விடுமுறையில் அப்பாவுக்கு நகல் எழுத உதவிக்கு உட்காருவேன். அப்படி ஒரு மே மாதம். எழுபது தாண்டிய ஓர் அம்மா வந்திருந்தார். வெற்றிலைக் காவி ஏறிய உதடு, நூல் புடவை, கையில் மஞ்சள் பை. பையில் பழைய பத்திரமும் வரி ரசீதுகளும். மகன் பேரில் வீட்டைத் தான செட்டில்மெண்ட் எழுத வேண்டும். மகன் வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். அப்பா அவரைப் பார்த்து, "தம்பி, முத்திரைத்தாள் வாங்கிட்டு வந்துடுங்க, கூட்டம் சேர்ந்துடும்" என்று அனுப்பிவிட்டு அந்த அம்மாவிடம் திரும்பினார்.

"ஆயா, வீடு மொத்தமும் மகனுக்கு. சரி. உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கு என்ன தம்பி வேணும். அவன் நல்லாயிருந்தா போதும்."

"அதுக்கு எழுத வேண்டாம், சாமி பார்த்துக்கும். உங்களுக்கு என்ன வேணும்?"

"சோறு போடுவான். போடாமயா இருப்பான்? அதையெல்லாம் எழுதினா புள்ள மனசு சங்கடப்படும்."

அப்பா பேனாவை மூடி வைத்தார். வேப்பம்பூ மேசை மேல் உதிர்ந்துகொண்டிருந்தது, அதைப் புறங்கையால் ஒதுக்கினார். "ஆயா, ஒரு கதை சொல்றேன்" என்று, கண் தெரியாத கிழவர் கதையை ஆரம்பித்தார். உங்களுக்குத் தெரிந்திருக்கும். பார்வை இல்லை, பணம் இல்லை, பிள்ளைக்குப் பிள்ளை இல்லை. கடவுள் வந்து ஒரே ஒரு வரம் என்கிறார். கிழவர் சொல்கிறார்: "என் பேரன் ஏழடுக்கு மாளிகையில் தங்கக் கிண்ணத்தில் பால்சோறு சாப்பிடுவதை நான் கண்ணாரப் பார்க்க வேண்டும்." கண், பேரன், செல்வம், அதையெல்லாம் பார்க்கும் வரை ஆயுசு, எல்லாம் ஒரே வாக்கியத்தில். எல்லோரும் அந்தக் கிழவரின் சாமர்த்தியத்தைத்தான் பேசுவார்கள். அப்பா அன்றைக்கு வேறு ஒன்றைச் சொன்னார். "அந்தக் கிழவர் கேட்ட நாலையும் விடுங்க ஆயா. அவர் மனசுல ஒரு காட்சி இருந்துச்சு. பேரன் சாப்பிடறான், இவர் பக்கத்துல உக்காந்து பாக்கறார். அந்த மாதிரி உங்க மனசுல என்ன இருக்கு? அந்த வீட்ல நீங்க எப்படி இருக்கற மாதிரி தெரியுது?"

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாயந்தரம் திண்ணையில உக்காரணும் தம்பி. அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. இடிச்சுட்டுக் கடை கட்டணும்ங்கறான்."

அப்பா பேனாவைத் திறந்தார். எழுதிக்கொடுப்பவர் தம் ஆயுள்காலம் முழுவதும் மேற்படி வீட்டில் வசித்துவரவும், வாசல் திண்ணையைத் தடையின்றி அனுபவித்துவரவும் உரிமை உள்ளவர், அவர் ஆயுள்காலத்தில் மேற்படி திண்ணையை இடிக்கவோ மறைக்கவோ மாற்றியமைக்கவோ கூடாது, உணவு உடை மருத்துவம் முதலியவற்றை எழுதிவாங்குபவர் குறைவின்றிச் செய்துவர வேண்டியது என்று எழுதி, உரக்கப் படித்துக் காட்டினார். அந்த அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"தூணும் சேர்ந்துதானே தம்பி? அதுல சாஞ்சுக்குவேன்."

அப்பா "திண்ணையை" என்பதற்கு மேலே ஒரு குறி போட்டு, "தூண் உட்பட" என்று சேர்த்தார். மகன் வந்து அதைப் படித்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாவின் இடது பெருவிரலை மையில் ஒற்றிக் காகிதத்தில் உருட்டியது நான்.

2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாதபோது திரும்பப் பெற வழி செய்கிறது. அந்த நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறதா என்ற கேள்வியில் எத்தனையோ முதியவர்களின் வழக்கு சிக்கிக்கொள்கிறது. மகன் மனம் சங்கடப்படும் என்று எழுதாமல் விட்ட ஒரு வரி. பத்திரத்தில் பிழை என்றால் பிழைதிருத்தல் பத்திரம் எழுதலாம், அதற்கும் இரண்டு தரப்பும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். உயில் விஷயத்தில் சட்டம் இன்னும் கனிவானது. 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 74-வது பிரிவு, உயிலில் சட்டச் சொற்கள் எதுவும் தேவையில்லை, எழுதியவரின் எண்ணம் புரிகிற மாதிரி இருந்தால் போதும் என்கிறது. அப்பாவுக்கு இந்தப் பிரிவு மனப்பாடம். "செத்தவன் வந்து விளக்கம் சொல்ல முடியாதுல்ல, அதனால இருக்கறவன்தான் அவன் மனசைப் படிக்கணும்" என்பார்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு விடிகாலையில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சு போயிற்று. கேட்பதும் புரிவதும் அப்படியே இருந்தன, சொல் மட்டும் வரவில்லை. இதற்கு அஃபேசியா என்று பெயர். பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1861-ல் பாரிஸில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். என்ன கேட்டாலும் அவருக்கு வாயில் வந்தது "டான், டான்" என்ற ஒரே ஓசை. அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்து, பேச்சுக்கான இடம் அதன் முன்பக்க மடலில் இருக்கிறது என்று புரோக்கா காட்டினார். எல்லாம் அழிந்த பிறகும் சிலருக்கு இப்படி ஒரு சொல் மிஞ்சிவிடுகிறது.

அப்பாவுக்கு மிஞ்சியது "மேற்படி".

முப்பத்தைந்து வருஷம் ஒரு நாளைக்கு நூறு தடவை எழுதிய சொல். பத்திரத்தில் அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அதன் பொருள். மேலே ஒன்றும் எழுதாத வெற்றுத்தாளில் அப்பா அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு மேற்படி, கண்ணாடிக்கு மேற்படி, விசிறிக்கு மேற்படி, தங்கை வந்திருக்கிறாளா என்பதற்கும் மேற்படி. நான் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவேன். இதுவா? இதுவா? அவர் இடது கையை ஆட்டி மறுப்பார். நாலாவது, ஐந்தாவது பொருளில் கண் கலங்கிவிடும். சொன்னதை மட்டும் கேட்கிற பூதமாக நான் இருந்தேன், சொல்லே இல்லாத இடத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அம்மா எதையும் நீட்டிக் கேட்க மாட்டார். காலையில் அந்தச் சொல் வந்தால் டம்ளரை ஆற்ற ஆரம்பிப்பார். பதினோரு மணிக்கு வந்தால் செய்தித்தாளின் இரண்டாம் பக்கத்தை மடித்துக் கொடுப்பார். ராத்திரி வந்தால் காலடிப் போர்வையை விலக்குவார். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "அவர் என்ன சொல்றார்னா நான் பார்க்கறேன்? மணி என்னன்னு பார்க்கறேன்" என்றார்.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். "மேற்படி" என்றார். தண்ணீர் கொடுத்தேன். இல்லை என்று தலையசைத்தார். தலையணையை உயர்த்தினேன். இல்லை. ரேடியோவைப் போட்டேன், இல்லை. மறுபடியும் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, "மேற்... படி" என்றார். அடுப்படியில் அம்மா எதையோ தாளித்துக்கொண்டிருந்தார், அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்து விடுடா. நாலரை பஸ் வர நேரம். பதிவாபீஸ் ஜனம் எல்லாம் அதுலதான் திரும்பும்."

திறந்தேன். பஸ் வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள். கையில் மஞ்சள் பையும் சுருட்டிய காகிதமுமாக ரெண்டு மூன்று பேர் வாசல் வழியே பேசிக்கொண்டு போனார்கள். அப்பா தலையணையிலிருந்து கழுத்தைத் தூக்கி, அவர்கள் தெருமுனை திரும்பும் வரை பார்த்தார்.